வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். 2023 மே மாதம் ஆலன் மாலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்களே, முந்தின வாரம்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம். அதன் பிறகு பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். நண்பர் தன் மகள் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது, “அதை வீட்டுக்குள் கொண்டுவராதே” என்றார். அவமானமாக இருந்தது, போகவில்லை. லூபீஸ் உணவகத்தில் துப்பாக்கியைக் காரில் விட்டதால்தானே ஒரு பெண் பெற்றோரை இழந்தார்? என் தற்காப்பு உரிமை நண்பர் வீட்டு வாசலோடு முடிந்துவிடுமா? ஹவாயில், கடைக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் கொண்டுபோகலாம் என்று சட்டம் போட்டார்களே, அது நியாயமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹவாய் இருக்கட்டும். உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முந்தின வாரம் போய்வந்த இடத்தில் எட்டுப் பேர் செத்தால் யாருக்கும் தூக்கம் போகும்.

ஆனால் லூபீஸை இழுத்தீர்களே, அதை விட முடியாது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது அந்தக் கதையைப் பாதி சொல்கிறார்கள். 1991 அக்டோபர் 16, கில்லீன் நகரம். ஒருவன் வண்டியால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உணவகத்துக்குள் வந்து 23 பேரைக் கொன்றான். நீங்கள் சொன்ன பெண், சுசானா ஹப், கைப்பையைத் துழாவினார், துப்பாக்கி காரில் இருந்தது. அப்பா அவனை நோக்கிப் பாய்ந்து இறந்தார். அம்மா அவரை விட்டு நகராமல் இறந்தார்.

சரி, காரில் வைக்கச் சொன்னது யார்? உணவகக்காரரா? இல்லவே இல்லை. டெக்சாஸ் சட்டம். மறைத்து எடுத்துப்போக உரிமம் என்ற ஒன்றே அன்றைக்கு அங்கே கிடையாது. பிடிபட்டால் தன் தொழிலுக்கான உரிமமும் போய்விடும் என்று ஹப் பயந்தார். அவர் சண்டை போட்டது அரசோடு. 1995இல் உரிமச் சட்டம் வந்தது. ஹப் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் உறுப்பினராக இருந்த 1997ஆம் வருடச் சட்டமன்றம்தான் டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் 30.06 பிரிவையும் கொண்டுவந்தது. உரிமம் உள்ளவரையும் துப்பாக்கியோடு என் இடத்துக்குள் வராதே என்று சொல்ல உரிமையாளருக்கு அதிகாரம் தரும் பிரிவு அது.

அதையும் சும்மா தரவில்லை. சில மருத்துவமனை வாசல்களில் துப்பாக்கியோடு வராதே என்கிற அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு அங்குல உயர எழுத்து, ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், பின்னணியில் கலந்துவிடாத நிறத்தில், சட்டம் எழுதிக்கொடுத்த அதே வாசகம். பலகை வைத்துத் தடுக்கிற கடைக்காரர் இத்தனையும் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் வாயால் சொன்னாலே போதும். சொன்ன பிறகும் போகாமல் நின்றால் குற்றம் பெரிதாகிவிடும்.

ஆகவே, அரசு என் இடுப்புத் துப்பாக்கியில் கைவைக்கக் கூடாது என்று வாதாடுகிறவர், அதே அரசை அழைத்துக்கொண்டு இன்னொருவர் கூடத்துக்குள் நுழையக் கூடாது. லூபீஸ் உங்களுக்குச் சாட்சி சொல்லாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் டாலஸ் பக்கத்து பிளேனோவில் என் அக்கா மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இப்படித்தான் ஒரு விருந்து. வந்தவர்களின் ஜாக்கெட்டுகளைக் குழந்தையின் கட்டிலில் குவித்திருந்தார்கள். நாலு வயதுப் பெண்ணுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவளைப் படுக்கவைக்க ஜாக்கெட்டுகளை நகர்த்தினாள் அக்கா மகள். ஒன்று மட்டும் கனத்தது. உள்பையில் தோல் உறையோடு துப்பாக்கி. அவள் அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி நின்றாள், எங்கே வைப்பதென்று தெரியாமல். கொண்டுவந்தவர் நல்ல மனிதர், உரிமமும் வைத்திருந்தார். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு உரிமை தெரிந்தது, அந்தக் கட்டில் யாருடையது என்று தெரியவில்லை.

உங்கள் நண்பர் உங்களைத் திருடன் என்று நினைத்திருந்தால் வீட்டுக்கே கூப்பிட்டிருக்க மாட்டார். குழந்தைகள் ஓடுகிற வீடு அது, அவ்வளவுதான். இதற்குப் போய்ப் பிறந்தநாளுக்குப் போகாமல் இருப்பார்களா? அந்தக் குழந்தை உங்களுக்கு என்ன செய்தது?

இந்த வாரமே நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போவது நல்லது. காரில்தான் என்றால் சீட்டுக்கு அடியில் செருகாதீர்கள், கார் உடைப்பவன் முதலில் துழாவுவது அங்கேதான். இரும்புக் கம்பியால் சீட்டோடு பிணைத்த பூட்டுப்பெட்டி விற்கிறது, வாங்குங்கள்.