மஞ்சள் பூ அழகுதான், ஆனால் பிடுங்கிவிடுங்கள்

கேள்வி: மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி நர்சரியில் கொடுத்த செடியை வேலியோரம் வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் தோட்டம் முழுக்கப் படர்ந்து தெருவோர வாய்க்கால் வரை போய்விட்டது. அப்படியே விடலாமா? கீரையாகச் சமைக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: சமைக்க வேண்டாம், விட்டுவைக்கவும் வேண்டாம். முதலில் இலையைப் பாருங்கள். தடிப்பாக, பளபளவென்று, நுனிப் பக்கம் மூன்றாகப் பிரிந்த மாதிரி இருந்தால் அது வெடேலியா என்று அழகுக்காக விற்கிற வெப்பமண்டல அமெரிக்கக் கொடி. சித்த மருத்துவத்தில் சேரும் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அதன் இலை குறுகி நீண்டிருக்கும், மடல் பிரியாது. இரண்டிலும் பூ மஞ்சள் என்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இந்தக் கொடி விதையை நம்பிப் பரவுவதில்லை. தரையைத் தொடுகிற கணுவெல்லாம் வேர்விடும், ஒடிந்த துண்டு ஈரமண்ணில் விழுந்தால் அதுவே புதுச் செடி, அதனால் தோட்டத்தில் வெட்டியதை வாய்க்காலில் கொட்டினால் தண்ணீரே அதை அடுத்த கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்புறம் பாய் விரித்த மாதிரி தரையை மூடிக்கொண்டு, கீழே எதுவும் முளைக்க வெளிச்சமே விடாது. கீழாநெல்லியும் பொடுதலையும் வளர்கிற கரையில் இது ஒன்று மட்டும் மிஞ்சும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இதுவும் உண்டு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் விற்கவே தடை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது தென் சீனத்தில் நடந்ததுதான்: குவாங்டாங் பகுதியில் இது அங்குள்ள மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு கலந்து கலப்பினமே உருவாகிவிட்டது, அதாவது இடத்தைப் பிடிப்பதோடு மூலிகையின் தனித்தன்மையையும் கரைத்துவிடக்கூடியது. நம் வாய்க்கால் கரைகளிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் என்ன ஆகும்?

சரி, எப்படி ஒழிப்பது? அரிவாளால் கொத்தினால் துண்டுகள்தான் பெருகும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் இழுங்கள், ஒரு கணு விடாமல் பொறுக்கி, மொட்டைமாடியில் போட்டு மொறுமொறுவென்று காயும்வரை விடுங்கள். பச்சையாக எருக்குழியில் போடாதீர்கள், அங்கேயே துளிர்க்கும். மறுபடி தலைகாட்டும், சில மாதம் விடாமல் பிடுங்க வேண்டும். வாய்க்காலில் இறங்கியதையும் சேர்த்து எடுங்கள், முடிந்தால் தெருக்காரர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காலியான இடத்தில் பொடுதலை வையுங்கள், அதுவும் தரையோடு படரும், பட்டாம்பூச்சியும் வரும்.