அண்ணிக்கு ஒரு பெட்டித் தோட்டம்

கேள்வி: இன்னும் இரண்டு மாதத்தில் என் அண்ணிக்குப் பிறந்தநாள். சமையல் என்றால் அவருக்கு உயிர். பாத்திரம், கத்தி, சமையல் புத்தகம் எல்லாம் கொடுத்தாயிற்று. இந்த முறை என் கையாலேயே ஒரு சமையலறைத் தோட்டம் செய்து கொடுக்க ஆசை. அழகான மரப்பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டேன். அதில் புதினா, கொத்தமல்லி, பேசில், தைம், ரோஸ்மேரி ஐந்தையும் சேர்த்து நடலாமா? கூடவே பூண்டும் பச்சை மூலிகையும் ஊறப்போட்ட எண்ணெய் ஒரு பாட்டில் வைத்தால் நன்றாக இருக்குமா?
— ஒரு வாசகி

பதில்: பெட்டி இருக்கட்டும், ஆனால் அதில் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் ஐந்தும் ஒரு மண்ணில் குடித்தனம் நடத்தாது. தைமுக்கும் ரோஸ்மேரிக்கும் மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்; வேர் ஈரத்திலேயே நின்றால் அழுகிவிடும். பேசிலுக்கு ஒருநாள் தண்ணீர் தவறினாலே தலை தொங்கிவிடும். புதினா மண்ணுக்கடியில் தண்டை ஓட்டி, பக்கத்து வீட்டு மனையையும் சேர்த்து வளைத்துப்போடும் ரகம்.

பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு பெட்டியை ரிப்பன் கட்டித் தோழிக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் பெட்டி முழுக்கப் புதினா, ஒரு மூலையில் தைமின் காய்ந்த குச்சி. அடுத்த முறை போனபோது பெட்டியில் கரண்டிகள் நின்றன.

ஆகவே ஒவ்வொரு செடியும் அதனதன் தொட்டியில் இருக்கட்டும். மரப்பெட்டி அவற்றைத் தாங்கும் தட்டு மட்டுமே. உள்ளே பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டால் மரம் ஊறாது. ஒரு செடி வாடினால் அதை மட்டும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 12 முதல் 15 செ.மீ. அகலத் தொட்டி போதும், ஆனால் அடியில் துளை கட்டாயம். துளைக்குப் பதிலாக அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பார்கள். வடியாது. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். தோட்டத்து மண் தொட்டிக்குள் இறுகிப்போகும் என்பதால் கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். தைம், ரோஸ்மேரி தொட்டிகளுக்கு மட்டும் ஒரு பங்கு பருமணல் கூடுதல்.

சரி, ஐந்தும் வேண்டுமா? ஏதாவது சாக்கு வைத்து அண்ணி வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் எந்தக் கட்டு பாதி வாடிக் கிடக்கிறது என்று பாருங்கள். அவர் அடிக்கடி வாங்குவதும், முழுசாகத் தீர்க்க முடியாததும் அதுதான். அதை வேண்டும்போது நாலு இலையாகக் கிள்ளிக்கொள்ள முடிவதை விடச் சமைப்பவருக்கு என்ன பரிசு வேண்டும்? அப்படியே ஜன்னலையும் ஒரு பார்வை. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுந்தால் எல்லாம் வரும். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் புதினா, கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ரோஸ்மேரியை வைப்பது அதற்குச் செய்யும் பாவம்.

புதினாவை இப்போதே தொடங்கலாம். நல்ல தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளம் எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கும். அது இரண்டு விரற்கடை நீளம் வந்ததும் தொட்டிக்கு மூன்று தண்டாக நடுங்கள். பேசிலுக்கும் இதே வழி. அது வேர் பிடித்து வளர்ந்து நான்கைந்து ஜோடி இலை விட்டதும், இரண்டாவது ஜோடிக்குச் சற்று மேலே துணிந்து கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். அண்ணி கைக்குப் போகும்போது புதராக நிற்கும்.

கொத்தமல்லிக்கு அவசரப்படக் கூடாது. இன்று விதைத்தால் பிறந்தநாளன்று பூத்து நின்றாலும் நிற்கும். ஐந்து வாரம் இருக்கும்போது விதையுங்கள். ஒவ்வொரு மல்லிக்குள்ளும் இரண்டு விதை உண்டு; உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால் பிளக்கும். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் முரண்டு பிடிக்கும் என்பதால் கொடுக்கப்போகும் தொட்டியிலேயே போடுங்கள். ரோஸ்மேரியை விதையிலிருந்து வளர்க்க இரண்டு மாதம் காணாது. தைமும் மெதுவான ஆள்தான். இரண்டையும் கன்றாக வாங்கித் தொட்டி மாற்றுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எண்ணெய் பாட்டில் வேண்டவே வேண்டாம். பூண்டையும் பச்சை இலையையும் எண்ணெயில் அமிழ்த்தி வெளியே வைத்தால், காற்றுப் புகாத அந்த இடம் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குத் தோதானது. வாசனையிலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்காது, உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் ரோஸ்மேரி இலையை நன்றாக உலர்த்திப் பொடியாக நறுக்கி, கல் உப்போடு கலந்து சின்ன ஜாடியில் கொடுங்கள். கெடாது.

பெட்டியில் ஒரு சின்னக் கத்தரிக்கோலும், கையால் எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும். எதற்குத் தினம் தண்ணீர், எதற்குக் காய்ந்த பிறகு என்று இரண்டு வரி. ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம் என்று இன்னொரு வரி. கொத்தமல்லி குறைந்த ஆயுள் செடி என்பதை அவசியம் எழுதுங்கள், இல்லாவிட்டால் தான்தான் கொன்றுவிட்டதாக அண்ணி வருத்தப்படுவார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூவ ஒரு பொட்டலம் விதையும் வைக்கலாம். சில விதைப் பாக்கெட்டுகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். சமைக்கிற கை சும்மா இருக்காது, ஆகவே பொட்டலத்தின் மேல் ‘விதைக்க மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

தண்ணீரை முந்தின நாளே ஊற்றி வடியவிடுங்கள். கிளம்பும்போது ஊற்றினால் உங்கள் மடிதான் நனையும்.