ஐரிஷில் பதிவிடும்போது நெடில் கோடும் மொழிபெயர்ப்பும்

வணக்கம். அயர்லாந்தின் கால்வே நகரில் அந்நாட்டு மொழியான ஐரிஷைக் கற்றுவரும் நீங்கள், ஃபேஸ்புக்கில் அம்மொழியில் எழுதினால் கைப்பேசி சொற்களை ஆங்கிலமாகத் திருத்திவிடுவதாகவும், நண்பர்கள் எவரும் பதில் எழுதாததால் ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் விசைப்பலகை அமைப்பில் ஐரிஷைச் சேர்த்துவிடுங்கள். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டிலும் ஐபோனிலும் அந்த வசதி உண்டு. உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால், மேலே சாய்கோடு இட்ட வடிவம் தோன்றும். ஃபாடா எனப்படும் அந்தக் கோட்டை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் அது நம் நெடிலைப் போன்றது. 'ஃபேர்' என்றால் புல்; அதே எழுத்துகளில் கோடு மட்டும் இல்லாவிட்டால் அச்சொல் ஆண்மகனைக் குறிக்கும். கல்லும் காலும் ஒன்றல்லவே.

மொழிபெயர்ப்பைப் பதிவுக்குள் சேர்க்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டும் அருகருகே இருந்தால் கண் ஆங்கிலத்துக்கே போய்விடும். தேவைப்படுவோருக்காக அதைக் கீழே முதல் கருத்துரையாக இடலாம். அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர். கல்விக்கூடங்களுக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோரோ 72 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே, பள்ளியில் படித்துவிட்டுப் பேச வாய்ப்பில்லாமல் இருப்பவர்கள் உங்கள் நண்பர்களிடையேயும் இருக்கக்கூடும். அவர்களிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். 'நலமா' என்பதற்கு அயர்லாந்தின் மாகாணங்களுள் மன்ஸ்டரில் ஒரு தொடரும், கானக்டில் வேறொன்றும், அல்ஸ்டரில் மற்றொன்றும் வழங்குகின்றன; ஆகவே, "உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஐரிஷிலேயே எழுதிப் பாருங்கள்.