பக்கத்து வீட்டில் மனைவியை அடிக்கிறார். போலீஸுக்குச் சொன்னால் நமக்கு வம்பு வருமா?

வம்பு வரும் என்று பயந்துதான் என் அக்கா குடியிருந்த காம்பவுண்டில் எல்லா வீட்டிலும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

நீங்களும் சுவர் ஒட்டிய வாடகை வீட்டில் இருப்பவர் என்றே நினைக்கிறேன். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பாருங்கள். அடி நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. உங்கள் பகுதிப் பாதுகாப்பு அலுவலர் யாரென்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் சொல்வார்கள். பெண்களுக்கான உதவி எண் 181 எந்நேரமும் உண்டு. அடி விழுந்துகொண்டிருந்தால் போலீஸுக்கு 100.

அக்கா விஷயத்தில், மாவு அரைத்து விற்கும் கீழ்வீட்டுப் பாட்டிதான் ஒரு ராத்திரி கதவைத் தட்டினார். "எங்க மாவுத் தூக்கு இங்க இருக்குப்பா" என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர், நான் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் மகளிர் காவல் நிலையம். காது வீங்கி அக்காவால் தோட்டைக் கழற்ற முடியவில்லை. மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குழந்தை முகத்தைப் பாரு, அனுசரிச்சுப் போ" என்றார். மாமாவை வரவழைத்து, இனி சண்டை போடமாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். அடி வாங்கியவளிடமும்!

போலீஸ் எல்லோரையும் சொல்லவில்லை. அங்கிருந்த ஒரு பெண் காவலர்தான், "சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமப் போகாதீங்க, ஜி.எச்.ல காயத்தைக் காட்டி ஏ.ஆர். என்ட்ரி போடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். சி.எஸ்.ஆர். என்பது புகார் கொடுத்ததற்கான ரசீது; ஏ.ஆர். என்பது அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதியும் பதிவேடு. பிறகு கோர்ட்டில் கைகொடுத்தவை அந்தக் காகிதங்கள்தான்.

மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவர் வீட்டாரைத் தண்டிக்கும் 498ஏவை (2024 ஜூலை முதல் பி.என்.எஸ். என்ற புதிய சட்டத்தின் 85ஆவது பிரிவு) பெண்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சிலர் வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். அக்கா யாரையும் உள்ளே தள்ளச் சொல்லவில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்டாள், கிடைத்தது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. மாமா தானாகவே கிளம்பிவிட்டார்.

ஆனால் வீட்டு ஓனர் என்ன செய்தார் தெரியுமா? ஆம்பளை இல்லாத வீட்டுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று காலி பண்ணச் சொன்னார். மாதம் பிறந்ததும் வாடகை கொடுத்தவள் அக்கா. அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று வேறு பிடித்துக்கொண்டார். நடுராத்திரியில் பாத்திரங்கள் பறந்த காலத்தில் அதே மனுஷன் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.