கூட்டுப் பட்டாவுக்குக் கடன் கிடைக்குமா?

கேள்வி: நம்பியூர் பக்கம் அப்பாரு பேரில் கூட்டுப் பட்டா இடம் இருக்குதுங்க. வீடு கட்ட வங்கிக் கடன் கிடைக்குங்களா?

பதில்: அப்படியே போனால் சிரமம். பாகம் பிரிக்காத இடத்தை வங்கிகள் பெரும்பாலும் அடமானமாக ஏற்பதில்லை; நாளை ஒரு பங்காளி மறித்தால் சிக்கல் அவர்களுக்குத்தானே! வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் (உங்கள் பாகத்துக்குத் தனி சர்வே எண் பிரித்து) பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். நில அளவையர் அளந்த பிறகுதான் தனிப் பட்டா. அடுத்து வீட்டு வரைபட அனுமதி, இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று. கடன் பணம் அஸ்திவாரம், லிண்டல், கூரை என வேலை ஏற ஏறத்தான் வரும்; முதல் கட்டத்துக்குக் கைக்காசு வேண்டும். குடிசையில் இருப்பவர் என்றால் முதலில் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கேளுங்கள்: 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதற்கும் பட்டா உங்கள் பேரில் இருக்க வேண்டும்.