வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்ததும் கண் தெரியாமல் போய், பிறகு மெல்ல மெல்லத் தெரிவது எதனால்?

மும்பை தாராவியில் வளர்ந்தவன் நான். 90 அடி ரோட்டில் வெயில் கொளுத்தும். எங்கள் சந்துக்குள் திரும்பினால் உச்சிப் பொழுதிலும் இருட்டுதான், மேல்மாடிகள் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். திருநெல்வேலியிலிருந்து வந்த ஆச்சி, சந்து முனையில் என் கையைப் பிடித்து நிறுத்துவாள். "கொஞ்சம் நில்லுல, கண்ணு பழகட்டும்."

அப்படிப் பழகுவது எது? விழித்திரையில் பார்வைக்கான செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். பகல் வெளிச்சமும் நிறமும் பொடி எழுத்தும் அவற்றின் பொறுப்பு. குச்சி செல்கள் ஏறக்குறைய 12 கோடி. மங்கிய வெளிச்சத்தில் நமக்குத் துணை அவைதான்.

குச்சி செல்லுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி அடுக்கடுக்காக இருக்கிறது. அது ஒரு புரதம். அதன் மடிப்புக்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெடினல் என்ற சின்ன மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளித்துகள் ஒன்று பட்டால் அது நிமிர்ந்துவிடும். பார்வையில் ஒளியின் வேலை அதோடு முடிந்தது, மீதியெல்லாம் செல்லுக்குள் நடக்கும் வேதியியல். எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்: இந்த செல்கள் இருட்டில்தான் ஓயாமல் சமிக்ஞை வேதிப்பொருளைச் சுரக்கின்றன. வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைகிறது. அந்தக் குறைவைத்தான் மூளை 'வெளிச்சம்' என்று எடுத்துக்கொள்கிறது.

நிமிர்ந்த ரெடினல் புரதத்தை விட்டுக் கழன்று, பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். கடும் வெயிலில் ரொடாப்சின் பெரும்பகுதி வெளுத்துப் போயிருக்கும். சாயம் திரும்ப ஏறும்வரை இருட்டு இருட்டாகவே இருக்கும். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும், கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும், குச்சி செல்கள் முழுதாகத் தேற அரை மணிக்கு மேல் ஆகும். கண்ணில் வைட்டமின் ஏ-யின் இந்த வேலையைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு தட்டில் வற்றல் மிளகாயையும் கறிவேப்பிலையையும் கலந்து வைத்து, பொழுது சாயும்போது விளக்குப் போடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் கறுப்பது மிளகாய். குச்சி செல்களுக்குச் சிவப்பு எட்டாது. பிறகு இரண்டுமே சாம்பல் நிறம்தான், ஏனென்றால் குச்சி செல்களில் இருப்பது ஒரே நிறமி, அதை வைத்து நிறம் பிரிக்க முடியாது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அத்தை மகன். பத்து வயதில், விளக்கு வைக்கும் நேரமானால் சந்தில் இருக்கும் நீலத் தண்ணீர் டிரம்மில் இடித்துக்கொள்வான். "பார்த்து நடக்க மாட்டியா" என்று எல்லோரும் திட்டினோம், நானும் திட்டியிருக்கிறேன். கண் பரிசோதனையில் எழுத்து அட்டையின் கடைசி வரிவரை படித்துவிட்டான். கண்ணில் கோளாறில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுப்புள்ளி. அங்கே கூம்பு செல்கள் மட்டும்தான், குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. அவனுக்கு அழிந்துகொண்டிருந்தவை குச்சி செல்கள். நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று தெரிய இன்னும் நான்கு வருஷம் ஆனது.

அத்தையைக் கட்டிக் கொடுத்தது அவளுடைய தாய்மாமனுக்கே. இந்த நோய் மரபணு வழியாக வருவது. அதன் சில வகைகள், நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மாலைக்கண் என்றதும் கீரையும் முருங்கையும் கொடு என்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் பலன் உண்டு, அதையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். செல்லே அழிகிற இடத்தில் கீரையால் அதைத் தடுக்க முடியாது. உங்கள் பிள்ளை பகலில் நன்றாகப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் தடுமாறினால், எழுத்து அட்டையோடு திரும்பி வராதீர்கள். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.