பேனரில் நிற்கும் நானும் கண்ணாடியில் தெரியும் நானும்

கேள்வி: எனக்கு வயது 24. மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்கு மாடலாக இருக்கிறேன். ‘நிறம் போதாது’, ‘கை பருமனாகத் தெரிகிறது’ என்று ஆடிஷனில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீடு திரும்பினால் இரண்டு நாள் யாருடனும் பேசப் பிடிப்பதில்லை. சக மாடல் ஒருவர் கொடுத்த க்ரீமைப் பூசிவருகிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். கடைவீதியில் என் பேனரைப் பார்த்தால் பெருமைக்குப் பதில் கூச்சம்தான் வருகிறது. தொழிலை விடவும் மனமில்லை. என்ன செய்வது?

பதில்: மனதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த க்ரீம். ட்யூபின் பின்பக்கத்தில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும். எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். போகப்போகத் தோல் மெலியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டால் எரியும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியலாம். ஆகவே ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். லேபிளே இல்லாத டப்பா என்றால் இன்னும் அவசரம். அத்தகைய க்ரீம்களில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது சாப்பாடு. மாதவிடாய் தள்ளிப்போகிறதா? முடி கொத்தாக உதிர்கிறதா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடத் தோன்றுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் தள்ளிப்போடாமல் பொது மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பாருங்கள். பிரேசில் மாடல் அனா கரோலினா ரெஸ்டன் 2006இல் உணவு மறுப்பு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 21. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டினி கிடக்கும் உடலில் எரிச்சலும் அழுகையும் தூக்கமின்மையும் தாமாகவே வந்து சேரும். தன்னம்பிக்கை போய்விட்டது என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் பசியாகவும் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது பேனரைப் பற்றிய வரி. விளம்பரம் பார்க்கும் பெண்கள் மாடலோடு தங்களை ஒப்பிட்டு வருந்துகிறார்கள். மாடலுக்கோ ஒப்பிட்டு வருந்தத் தன்னுடைய படமே இருக்கிறது. புடவை கேட்லாக் படப்பிடிப்பு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அளவு சேராத ரவிக்கையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கொசுவத்துக்குள் வரிசையாக ஊசி இருக்கும். படத்துக்கு வெளியே ஒருவர் குனிந்து முந்தானையை விரித்துப் பிடித்திருப்பார். பிறகு கணினியில் இடுப்பைக் குறைத்து, நிறத்தை ஏற்றி, கழுத்துக் கோட்டை அழிப்பார்கள். பேனரில் நிற்பவளுக்கு முதுகே கிடையாது.

அடுத்த படப்பிடிப்பில் அலங்காரம் முடிந்ததும், கிளிப்புகள் தெரியும்படி முதுகுப் பக்கமாக உங்கள் போனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இறுதிப் படம் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூச்சம் வரும்போதெல்லாம் பாருங்கள். மாடலின் உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 முதல் இருக்கிறது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. உங்கள் படத்துக்கு நீங்களே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிராகரிப்புக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஆடிஷன் முடிந்ததும் அவர்கள் கேட்டதையும் சொன்னதையும் மட்டும் எழுதுங்கள். காரணம் சொல்லாவிட்டால் ‘காரணம் சொல்லவில்லை’ என்றே எழுதுங்கள். விட்டுப்போன அந்த இடத்தை நம் குறையைக் கொண்டு நிரப்புவது மனதின் பழக்கம். அவர்கள் வேறு உயரம் தேடியிருக்கலாம். முதலாளி ஏற்கெனவே வேறொருவரை முடிவு செய்திருக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. அது இந்தச் சந்தையின் அநியாயம். தோல் நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் ‘சிவப்பான பெண்கள் மட்டும்’ என்று கோ-ஆர்டினேட்டர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி நின்றபாடில்லை. அப்படி ஒரு செய்தி வந்தால் போகாதீர்கள். பஸ் செலவும் இரண்டு நாள் துக்கமும் மிச்சம்.

படப்பிடிப்புத் தளத்தில் ‘கையைக் கொஞ்சம் பின்னால் வையுங்கள்’ என்பது வேலை. ‘இப்படிப் பெருத்துவிட்டாயே’ என்பதில் வேலை எதுவும் இல்லை. அதற்குச் சிரித்து மழுப்பவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். “எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள் சார், நிற்கிறேன்” என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். தொடர்ந்தால், கூட வந்த தோழியிடமோ மேக்கப் செய்யும் அக்காவிடமோ அப்போதே சொல்லிவிடுங்கள்.

மனநல ஆலோசகர் கணக்குவழக்கு பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் பணமும் தன்மதிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சம்பளம் இரண்டு மூன்று மாதம் இழுத்தடிக்கும்போதுதான் எந்தப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளத் தோன்றும். தொகை, வேலை நேரம், பணம் தரும் தேதி, படத்தை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். டப்பிங், மேக்கப், டியூஷன் என்று உருவத்தைச் சாராத ஒரு சிறு வருமானமும் இருக்கட்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

தொழிலை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் மூன்று வேளையும் சாப்பிட்டு, தூக்கம் சீரான பிறகு யோசியுங்கள். அதற்குள் அந்த இரண்டு நாள் மௌனம் இரண்டு வாரமாக நீண்டாலோ, உயிர் வாழ்வதே வீண் என்று தோன்றினாலோ, காத்திருக்காமல் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.